ஓய்விலிருந்து திரும்பும் வீரர்களுக்கு ஊக்கமருந்துச் சோதனையில் விலக்கு: யாருக்கு நியாயம்?

2016 ஜூலை 9ஆம் திகதி அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நடைபெற்ற யூ.எஃப்.சி 200 நிகழ்வில் புரொக் லெஸ்னரும் மார்க் ஹன்ட்டும் மோதினார்கள். மூன்று சுற்றுகளின் முடிவில் லெஸ்னர் வென்றதாக நடுவர்கள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஆறு நாட்கள் கழித்து இன்னொரு செய்தி வந்தது. போட்டிக்கு 11 நாட்களுக்கு முன்னர் லெஸ்னரிடம் எடுக்கப்பட்ட மாதிரியில் தடை செய்யப்பட்ட பொருள் இருந்திருக்கிறது. போட்டியன்று எடுத்த மாதிரியிலும் அதே பொருள் இருந்தது பிறகு தெரியவந்தது.

ஊக்கமருந்தில் சிக்கிய வீரர்கள் விளையாட்டு உலகில் ஏராளம். இந்தச் சம்பவம் அவற்றிலிருந்து வேறுபடுவதற்குக் காரணம் ஒன்று உண்டு. நடைமுறையில் இருந்த விதி அப்படியே பின்பற்றப்பட்டிருந்தால் லெஸ்னர் அன்று கூண்டுக்குள் கால் வைத்திருக்கவே முடியாது. ஓய்விலிருந்து திரும்பும் வீரர் நான்கு மாதங்கள் சோதனைக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பது அந்த விதி. லெஸ்னர் உட்பட்டிருந்தது 33 நாட்கள் மட்டுமே. மீதி நாட்களுக்கு அவருக்கு விலக்கு வழங்கப்பட்டது. வழங்கியது போட்டியை நடத்திய அதே நிறுவனம்.

எங்கள் வாசகர்களுக்கும் இந்த விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கைத்தொலைபேசியில் இந்தப் போட்டிகளைப் பார்க்கும் இளைஞர்கள் எங்கள் ஊர்களிலும் இருக்கிறார்கள். ஆனால் நான் இதை எழுதுவதற்குக் காரணம் அதுவல்ல. விதியை எழுதுவது யார் என்பதைவிட, விலக்களிக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதே சில வேளைகளில் முக்கியமாகிவிடுகிறது. சட்டமும் அதற்கான விலக்கும் ஒரே கையிலிருந்து வருவதன் விளைவு எங்களுக்குப் புதிதல்ல. அந்தக் கேள்வி ஒரு விளையாட்டுக்குள் எப்படி எழுந்தது, அதனால் யாருடைய உடம்பில் அடி விழுந்தது என்பதை இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

விதி என்ன சொன்னது?

கலப்புத் தற்காப்புக் கலை என்பது குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜியு ஜிட்சு போன்ற பல சண்டை முறைகளைச் சேர்த்து, கூண்டு போன்ற அரங்கில் நடத்தப்படும் போட்டி. இதை நடத்தும் நிறுவனங்களில் மிகப் பெரியது யூ.எஃப்.சி. 2015 ஜூலை 1ஆம் திகதி முதல், தன் வீரர்களைச் சோதிக்கும் பொறுப்பை அது அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகமான யூசாடாவிடம் ஒப்படைத்தது. லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங்கின் மோசடியை அம்பலப்படுத்திய அமைப்பு அது. அந்த விசாரணைகளில் முன்னின்ற முன்னாள் அரச புலனாய்வாளர் ஜெஃப் நொவிட்ஸ்கியையும் யூ.எஃப்.சி தன் உப தலைவர்களில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டது. அதுவரை போட்டி நாளை ஒட்டியே பெரும்பாலும் நடந்த சோதனை, இனி ஆண்டு முழுவதும், எந்த நேரத்திலும், முன்னறிவித்தல் இன்றி நடக்கும் என்று அறிவிக்கப்பட்டது.

அந்தக் கொள்கையில் ஓய்வு பெற்றவர்களுக்கென்று ஒரு பிரிவு இருந்தது. ஓய்வை அறிவித்த ஒருவர் மீண்டும் போட்டியிட விரும்பினால் அதை எழுத்தில் அறிவிக்க வேண்டும். பின்னர் நான்கு மாதங்கள் சோதனைப் பட்டியலில் இருக்க வேண்டும். தான் எங்கே தங்குகிறார், எங்கே பயிற்சி செய்கிறார் என்ற விபரங்களைக் கொடுத்து, அதிகாரிகள் கதவைத் தட்டும்போது சிறுநீரும் இரத்தமும் கொடுக்க வேண்டும். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகமான வாடாவின் விதித்தொகுப்பு இதற்கு ஆறு மாதங்கள் கேட்கிறது. யூ.எஃப்.சி நான்கு மாதங்களைத் தெரிவு செய்தது.

அதே பிரிவில் ஒரு வாசலும் வைக்கப்பட்டிருந்தது. அசாதாரணமான சூழ்நிலையிலோ, விதியை அப்படியே பிரயோகிப்பது வீரருக்கு வெளிப்படையான அநீதியாக அமையும் நிலையிலோ, யூ.எஃப்.சி விலக்கு அளிக்கலாம். கவனியுங்கள்: இந்த அதிகாரம் சோதனை செய்யும் யூசாடாவிடம் இருக்கவில்லை. நுழைவுச்சீட்டு விற்கும் யூ.எஃப்.சியிடமே இருந்தது. விதியில் அநீதி என்ற சொல் வருகிறது. ஆனால் அது திரும்பி வரும் வீரருக்கு நேரும் அநீதி. எதிரே நிற்கப்போகிறவருக்கு நேரக்கூடிய அநீதி பற்றி அந்தப் பிரிவில் பேச்சில்லை.

நான்கு மாதங்கள் எதற்காக?

ஒருவர் போட்டியன்று சுத்தமாக இருந்தால் போதாதா என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. ஊக்கமருந்தின் பயன் கிடைக்கும் காலமும், அது உடம்பில் பிடிபடும் காலமும் ஒன்றல்ல. தசையை வளர்க்கும் ஸ்டெரொயிட் மருந்துகளைப் பயிற்சிக் காலத்தில் எடுத்து, போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன் நிறுத்திவிட்டால், மருந்து வெளியேறிவிடும். வளர்ந்த தசை வெளியேறாது.

ஒஸ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் எலிகளில் செய்த ஆய்வு இதை இன்னும் தெளிவாக்கியது. டெஸ்டோஸ்டெரோன் கொடுக்கப்பட்ட எலிகளின் தசை நார்களில் உட்கருக்கள் பெருகின. மருந்தை நிறுத்தியபின் தசையின் பருமன் குறைந்தாலும், பெருகிய உட்கருக்கள் மூன்று மாதங்களுக்குப் பின்னரும் அப்படியே இருந்தன. மீண்டும் பயிற்சி கொடுத்தபோது, அந்தத் தசைகள் மருந்தே எடுக்காத எலிகளின் தசைகளைவிட வேகமாக வளர்ந்தன. மனித உடம்பிலும் இது அப்படியே நடக்கும் என்று இதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. ஆனால் இன்று சுத்தம் என்றால் என்றும் சுத்தம் என்று எண்ணுவது எவ்வளவு பலவீனமானது என்பதை அது காட்டுகிறது.

காத்திருப்புக் காலத்துக்கு இரண்டாவது காரணம் ஒப்பீடு. ஒரே ஒரு மாதிரி அதிகம் சொல்லாது. மாதக்கணக்கில் எடுக்கப்பட்ட பல மாதிரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஒருவரின் இயல்பான அளவு எது, சந்தேகத்துக்குரிய ஏற்ற இறக்கம் எது என்று தெரியும். உயிரியல் கடவுச்சீட்டு என்று அழைக்கப்படும் பதிவேட்டின் அடிப்படை இதுதான். மூன்றாவது காரணம் மிகச் சாதாரணமானது. ஆய்வுகூடத்துக்கு நேரம் வேண்டும். லெஸ்னரின் விடயத்தில் கடைசியில் காலை வாரியது இந்த மூன்றாவது காரணம்தான்.

லெஸ்னருக்குத் திறந்த வாசல்

லெஸ்னர் யூ.எஃப்.சியின் முன்னாள் அதிபாரப் பிரிவுச் சம்பியன். 2011 டிசம்பர் 30 அன்று அலிஸ்டர் ஓவரீமிடம் தோற்றபின் ஓய்வை அறிவித்தார். பிறகு தொழில்முறைக் காட்சி மல்யுத்தமான டபிள்யூ.டபிள்யூ.ஈக்குத் திரும்பினார். அந்த நிறுவனத்துக்கென்று ஒரு மருந்துச் சோதனைத் திட்டம் இருந்தது. ஆனால் பகுதிநேரக் கலைஞரான லெஸ்னருக்கு அது பொருந்தாது என்று அந்த நிறுவனமே பின்னர் உறுதிப்படுத்தியது.

யூ.எஃப்.சி 200 அந்த நிறுவனத்தின் மிகப் பெரிய கொண்டாட்டமாகத் திட்டமிடப்பட்டிருந்தது. முதலில் கொனர் மக்கிரகர்தான் அதன் தலைப்புப் போட்டியில் இருந்தார். விளம்பர நிகழ்வுகள் தொடர்பாக எழுந்த தகராறில் 2016 ஏப்ரலில் அவர் நீக்கப்பட்டார். அந்த வெற்றிடத்துக்கு ஒரு பெரிய பெயர் தேவைப்பட்டது. ஜூன் 4 அன்று லெஸ்னரின் மீள்வருகை அறிவிக்கப்பட்டது. ஜூன் 6 அன்று அவர் சோதனைப் பட்டியலில் சேர்க்கப்பட்டார். போட்டி ஜூலை 9.

யூ.எஃப்.சி சொன்ன விளக்கம் இது: லெஸ்னர் கடைசியாகப் போட்டியிட்ட காலத்தில் இந்தத் திட்டமே இருக்கவில்லை. ஆகவே அவர் புதிதாகச் சேரும் வீரரைப் போலவே கருதப்படுகிறார். புதிய வீரருக்கு நான்கு மாதக் காத்திருப்பு இல்லை.

மேலோட்டமாகப் பார்த்தால் இதில் ஒரு தர்க்கம் தெரிகிறது. ஆனால் காத்திருப்பு விதியின் நோக்கத்தோடு வைத்துப் பார்த்தால் அது தலைகீழாக நிற்கிறது. ஒருவர் எவ்வளவு காலம் சோதனைக்கு வெளியே இருந்தாரோ, அந்த அளவுக்கு அவரைக் கூடுதலாகச் சோதிக்க வேண்டும் என்பதுதான் அந்த விதியின் எண்ணம். லெஸ்னர் நான்கரை ஆண்டுகள் வெளியே இருந்தார். அந்த நீண்ட இடைவெளியே அவரைக் காக்கவைக்காமல் விடுவதற்கான காரணமாக மாற்றப்பட்டது.

கிடைத்த 33 நாட்களுக்குள் அவரைப் பல தடவைகள் சோதித்தார்கள் என்பது உண்மை. அதில் ஜூன் 28 அன்று எடுத்த மாதிரியின் முடிவு போட்டிக்கு முன் வந்து சேரவில்லை. இதே நிகழ்வில் தலைப்புப் போட்டியில் ஆடவிருந்த ஜோன் ஜோன்ஸ், ஜூன் 16 அன்று கொடுத்த மாதிரியில் சிக்கி, மூன்று நாட்கள் இருக்கையில் விலக்கப்பட்டார். இருவருக்கும் இடையிலான வேறுபாடு 12 நாட்கள்தான். நான்கு மாதங்கள் இருந்திருந்தால் இந்த நெருக்கடியே எழுந்திருக்காது.

இருவரிடமும் கண்டுபிடிக்கப்பட்ட பொருட்களில் ஒன்று குளோமிஃபீன். பெண்களின் கருத்தரிப்புச் சிகிச்சைக்கு வைத்தியர்கள் கொடுக்கும் மருந்து அது. ஆண்கள் எடுத்தால் ஈஸ்ட்ரஜனின் செயலைத் தடுத்து, உடம்பு தானே டெஸ்டோஸ்டெரோன் சுரக்கும்படி தூண்டும். ஸ்டெரொயிட் எடுத்து நிறுத்தியவர்கள், அடங்கிப்போன இயற்கைச் சுரப்பை மீண்டும் எழுப்புவதற்கு இதைப் பயன்படுத்துவது வழக்கம். அதனால்தான் இது தடைப் பட்டியலில் இருக்கிறது.

ஹன்ட்டுக்குக் கிடைத்தது என்ன?

மார்க் ஹன்ட் நியூசிலாந்தின் ஒக்லாந்தில் பிறந்த சமோவ வம்சாவளியினர். அன்று அவருக்கு வயது 42. லெஸ்னருக்குக் கிடைத்த விலக்கைப் பற்றிப் போட்டிக்கு முன்னரே அவர் வெளிப்படையாகச் சந்தேகம் எழுப்பியிருந்தார். அவருக்கு அந்தச் சந்தேகம் வருவதற்குக் காரணம் இருந்தது. 2013இல் அவரோடு மோதிய அன்டோனியோ சில்வா, போட்டிக்குப் பிந்திய சோதனையில் டெஸ்டோஸ்டெரோன் அளவு மிகுந்து சிக்கினார். 2016 மார்ச்சில் மோதிய ஃபிராங்க் மிர்ரும் சோதனையில் சிக்கினார். லெஸ்னர் மூன்றாமவர்.

2016 டிசம்பரில் நெவாடா மாநில விளையாட்டு ஆணைக்குழு தண்டனையை அறிவித்தது. லெஸ்னருக்கு ஓராண்டுத் தடை. 2,50,000 டொலர் அபராதம். வெற்றி அழிக்கப்பட்டு, முடிவற்ற போட்டி என்று பதிவு திருத்தப்பட்டது. அன்றைய போட்டிக்காக லெஸ்னருக்கு அறிவிக்கப்பட்ட ஊதியம் 25 லட்சம் டொலர். அதாவது, பத்தில் ஒரு பங்கு போனது. அந்த ஒரு பங்கும் அடி வாங்கியவருக்குப் போகவில்லை, அரசுக்குப் போனது. இடைப்பட்ட காலத்தில், 2016 ஓகஸ்டில், லெஸ்னர் டபிள்யூ.டபிள்யூ.ஈயின் பெரிய நிகழ்வொன்றில் வழக்கம்போல் தோன்றினார். யூ.எஃப்.சி 200 முடிந்து இரண்டு நாட்களில், அந்த நிறுவனம் சுமார் 400 கோடி டொலருக்கு விற்கப்பட்ட செய்தியும் வெளியாகியிருந்தது.

லெஸ்னரின் ஊதியத்தைத் தனக்குத் தர வேண்டும் என்று ஹன்ட் கேட்டார். கிடைக்கவில்லை. 2017 ஜனவரியில் யூ.எஃப்.சி, அதன் தலைவர் டேனா வைட், லெஸ்னர் ஆகியோருக்கு எதிராக நெவாடாவில் உள்ள சமஷ்டி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 2019இல் வழக்கின் பெரும்பகுதி தள்ளுபடியானது. 2021இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சில கோரிக்கைகளுக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 2023இல் கீழ் நீதிமன்றம் மறுபடியும் யூ.எஃப்.சி தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

அந்த வழக்கின் நடுவே ஒரு கடினமான கேள்வி இருந்தது. சண்டைப் போட்டிக்கு வருபவர் அடி வாங்கச் சம்மதித்தே வருகிறார். அந்தச் சம்மதம் எதுவரை செல்லும்? விதிக்கு உட்பட்ட எதிராளியின் அடிக்குச் சம்மதித்தவர், விதியை மீறிய எதிராளியின் அடிக்கும் சம்மதித்தவர் ஆவாரா? ஓட்டப் போட்டியில் ஒருவர் மருந்து எடுத்தால் மற்றவர் பதக்கத்தை இழக்கிறார். சண்டைப் போட்டியில் மற்றவர் தன் தலையில் அதை வாங்குகிறார். 2017 செப்டெம்பரில் வெளியான தன் கட்டுரையொன்றில், தனக்குப் பேச்சுக் குழறுவதாகவும் ஞாபகம் தவறுவதாகவும் ஹன்ட் எழுதினார். அதன்பின் அந்த ஆண்டு நவம்பரில் சிட்னியில் அவர் ஆடவிருந்த போட்டியிலிருந்து மருத்துவக் காரணம் காட்டி யூ.எஃப்.சி அவரை நீக்கியது. ஒருவரின் உடல்நலம் பற்றிய அக்கறை எந்த நேரத்தில் வருகிறது என்பதை வாசகர்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

காத்திருந்த ஒருவர்

விதியைப் பின்பற்றித் திரும்பவே முடியாது என்று சொல்ல இடமில்லை. கனடாவின் ஜோர்ஜ் சென் பியர் 2013இன் இறுதியில் சம்பியன் பட்டத்தைத் துறந்து ஒதுங்கினார். அவரும் புதிய திட்டம் வருவதற்கு முன் விலகியவர்தான். மீண்டும் வர விரும்பியபோது, 2016இல் சோதனைப் பட்டியலில் பெயர் பதிந்து, தன் காலத்தை நிறைவு செய்தார். 2017 நவம்பர் 4 அன்று மைக்கல் பிஸ்பிங்கைத் தோற்கடித்து வேறொரு எடைப் பிரிவின் பட்டத்தையும் வென்றார். அந்த வெற்றியைப் பற்றி இன்றுவரை யாரும் முணுமுணுக்கவில்லை. காத்திருப்பு எதிராளியை மட்டும் காப்பாற்றுவதில்லை, திரும்பி வருபவரின் பெயரையும் காப்பாற்றுகிறது.

சைக்கிளோட்டம் முன்பே கற்ற பாடம்

இந்த வாசல் முதல் தடவையாகத் திறந்தது சண்டைக் கூண்டில் அல்ல. லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங் 2008இல் ஓய்விலிருந்து திரும்ப முடிவெடுத்தபோது, சைக்கிளோட்ட விதி ஆறு மாதச் சோதனைக் காலத்தைக் கேட்டது. 2009 ஜனவரியில் அவுஸ்திரேலியாவில் நடந்த போட்டிக்கு அந்தக் காலம் நிறைவடைந்திருக்கவில்லை. முதலில் முடியாது என்றிருந்த சர்வதேச சைக்கிளோட்டச் சம்மேளனம், 2008 ஒக்டோபரில் முடிவை மாற்றி அனுமதித்தது. 2015 மார்ச்சில் வெளியான சுயாதீன ஆணைக்குழுவின் அறிக்கை இந்த விலக்கைக் கண்டித்தது. சம்மேளனத் தலைவரின் அறிமுகத்துக்குரியவர்கள் நடத்திய அயர்லாந்துப் போட்டியில் பங்கேற்க ஆம்ஸ்ட்ரோங் சம்மதித்ததும், அவருக்கு விலக்குக் கிடைத்ததும் காலத்தால் நெருங்கியிருந்ததை அது சுட்டிக்காட்டியது.

இரண்டு சம்பவங்களிலும் கதை ஒன்றுதான். பெரிய பெயர், பெரிய வருமானம், குறுகிய அவகாசம், விலக்கு அளிக்கும் அதிகாரம் உள்ள இடத்திலேயே ஆதாயமும் இருந்தது.

மருத்துவ விலக்கு வேறு

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. சிகிச்சை நோக்கிலான விலக்கு என்று இன்னொன்று உண்டு. ஆஸ்துமா உள்ளவர், நீரிழிவு உள்ளவர் தேவையான மருந்தை எடுப்பதற்கு அது வழி செய்கிறது. அது நியாயமானது. ஆனால் அந்த வழியும் இந்த விளையாட்டில் ஒரு காலத்தில் அகலமாகத் திறந்துகிடந்தது. டெஸ்டோஸ்டெரோன் குறைபாடு என்ற வைத்தியச் சான்றிதழோடு, வயது போகத் தொடங்கிய சில வீரர்கள் அந்த ஹோர்மோனையே சிகிச்சையாகப் பெற்று மோதினார்கள். மேலே சொன்ன சில்வாவும் அத்தகைய அனுமதி பெற்றவர்தான். 2014 பெப்ரவரி 27 அன்று நெவாடா ஆணைக்குழு அந்த விலக்கை முற்றாக நிறுத்தியது. யூ.எஃப்.சியும் உடனே அதை ஏற்றது. தவறாகப் பயன்படும் விலக்கை மூடிவிட முடியும் என்பதற்கு அது உதாரணம்.

மக்கிரகரும் யூசாடாவின் விலகலும்

லெஸ்னர் சர்ச்சைக்குப் பின் 2017இல் காத்திருப்புக் காலம் ஆறு மாதங்களாக உயர்த்தப்பட்டது. விலக்குக்கான வாசல் மட்டும் முழுமையாக மூடப்படவில்லை. 2018 ஜூலையில் லெஸ்னர் மீண்டும் வரப்போவதாகக் காட்டிக்கொண்டபோது, தண்டனையின் மீதிக் காலத்தைக் கழிப்பதற்காகச் சோதனைப் பட்டியலில் மறுபடியும் சேர வேண்டியிருந்தது. கடைசியில் அவர் போட்டியிடவில்லை.

அடுத்த சர்ச்சை மக்கிரகரோடு வந்தது. 2021 ஜூலையில் போட்டியின்போது அவரது கால் எலும்பு முறிந்தது. அதன்பின் அவர் சோதனைப் பட்டியலிலிருந்து விலகினார். 2022இல் அவரிடம் ஒரு மாதிரியும் எடுக்கப்படவில்லை. 2023 பெப்ரவரியில் அவர் மைக்கல் சாண்ட்லரோடு மோதுவார் என்று யூ.எஃப்.சி அறிவித்தபோது, அவர் பட்டியலில் இல்லை. அவருக்கும் விலக்குக் கிடைக்குமா என்ற கேள்வி மாதக்கணக்கில் ஓடியது.

2023 ஒக்டோபர் 8 அன்று அவர் பட்டியலில் திரும்பச் சேர்ந்தார். மூன்று நாட்களில் யூசாடா ஓர் அறிக்கை விட்டது. யூ.எஃப்.சியுடனான உடன்படிக்கை 2024 ஜனவரி 1இன் பின் தொடராது என்றும், மக்கிரகர் ஆறு மாதங்கள் பட்டியலில் இருந்து இரண்டு சோதனைகளில் சுத்தம் எனக் காட்டும்வரை விலக்கு வழங்கக்கூடாது என்பதில் தாம் உறுதியாக இருந்ததாகவும் அது சொன்னது. உறவு முறிந்ததற்கும் மக்கிரகருக்கும் தொடர்பில்லை என்று யூ.எஃப்.சி கடுமையாக மறுத்தது. 2024 முதல் வேறொரு நிறுவனம் மாதிரிகளைச் சேகரிக்க, முன்னாள் எஃப்.பி.ஐ அதிகாரி ஜோர்ஜ் பீரோ திட்டத்தை நிர்வகிக்கத் தொடங்கினார்.

மக்கிரகர் 2024 ஜூனில் மோதுவதாக இருந்தது. கால்விரல் காயத்தால் போட்டி நின்றுபோனது. 2025 ஒக்டோபரில், 2024ஆம் ஆண்டில் மூன்று தடவைகள் சோதனை அதிகாரிகளுக்குக் கிடைக்காமல் போனதற்காக அவருக்கு 18 மாதத் தடை விதிக்கப்பட்டது அறிவிக்கப்பட்டது. அவர் மருந்து எடுத்ததாக அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. அதையும் சேர்த்தே எழுதுவதுதான் நேர்மை.

விலக்கு வேண்டும் என்போரின் நியாயம்

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இந்த வீரர்கள் மாதச் சம்பளக்காரர்கள் அல்லர். யூ.எஃப்.சி அவர்களை ஊழியர்களாக அல்ல, சுயாதீன ஒப்பந்தக்காரர்களாகவே வைத்திருக்கிறது. மோதினால்தான் பணம். ஆறு மாதங்கள் காத்திருப்பது என்பது ஆறு மாதங்கள் வருமானமின்றி இருப்பது. நாற்பதை நெருங்கும் ஒருவருக்கு அது தொழில் வாழ்க்கையின் கடைசி ஆறு மாதங்களாகவும் இருக்கலாம். குழந்தை பெற்றுத் திரும்பும் பெண் வீரர், நோயிலிருந்து எழுந்து வருபவர், பெயர் தெரியாத ஊரிலிருந்து ஒரு வாய்ப்புக்காக ஓடி வருபவர் ஆகியோருக்கு இறுக்கமான விதி சுமையாகலாம்.

இன்னொரு வாதத்துக்கும் வலு உண்டு. வேறு நிறுவனத்திலிருந்து புதிதாக வரும் வீரர் மாதக்கணக்கில் காத்திருக்காமலே மோதலாம் என்றால், பழையவரை மட்டும் ஏன் நிறுத்திவைக்க வேண்டும்? எனக்குத் தெரிகிற பதில், இருவரையும் ஓரளவுக்காவது சோதித்துவிட்டு விட வேண்டும் என்பதே. ஒருவருக்குச் சோதனை இல்லை என்பது இன்னொருவருக்கும் சோதனை வேண்டாம் என்பதற்குக் காரணமாகாது.

ஆக, விலக்கே கூடாது என்பது என் வாதமல்ல. வாடாவின் விதித்தொகுப்பிலும் விலக்குக்கு இடம் இருக்கிறது. ஆனால் அங்கே அதை முடிவு செய்வது போட்டி நடத்துபவர் அல்ல, வாடா. எளியவருக்காக வைக்கப்பட்ட வாசலால் முதலில் உள்ளே போனது யார் என்பதுதான் கேள்வி. யூ.எஃப்.சியின் திட்டத்தில் அது 25 லட்சம் டொலர் வாங்கும் நட்சத்திரம்.

சோதனையும் தவறலாம்

சோதனை என்றாலே உண்மை என்று நம்பிவிடவும் கூடாது. லெஸ்னர் சம்பவத்துக்கு இரண்டு மாதங்களுக்கு முன் முடிவுக்கு வந்த ஒரு விடயம் இலங்கையர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். கிரிக்கெட் வீரர் குசல் ஜனித் பெரேரா 2015 டிசம்பரில் தற்காலிகமாகத் தடை செய்யப்பட்டார். கட்டாரில் உள்ள ஆய்வுகூடம் அவரது மாதிரியில் ஸ்டெரொயிட் இருந்ததாகச் சொல்லியிருந்தது. நான்கு ஆண்டுகள் தடை விதிக்கப்படும் அபாயம் அவர் தலைமேல் தொங்கியது. நிபுணர்களைக் கொண்டு எதிர்வாதம் வைக்கப்பட்டபின் ஆய்வுகூடம் தன் முடிவைத் திரும்பப் பெற்றது. 2016 மே மாதம் சர்வதேச கிரிக்கெட் சபை குற்றச்சாட்டைக் கைவிட்டது. ஐந்து மாதங்களை அவர் இழந்திருந்தார். அவருக்காக வாதாட ஒரு கிரிக்கெட் சபை பின்னால் நின்றது. அப்படி யாரும் இல்லாத வீரருக்கு என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டு சம்பவங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. அவசரமும் இரகசியமும் இரண்டு பக்கமும் வெட்டும். குற்றவாளியைத் தப்பவிடும், நிரபராதியையும் நசுக்கும். போதிய காலம், பல மாதிரிகள், எழுத்திலான காரணங்கள், மேன்முறையீடு ஆகியவை இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

நியாயமான விலக்கு எப்படி இருக்கும்?

மேலே பார்த்த சம்பவங்களிலிருந்து ஐந்து நிபந்தனைகளை எடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலாவது, விலக்கை முடிவு செய்பவருக்கு அந்தப் போட்டியின் வருமானத்தில் பங்கு இருக்கக்கூடாது.

இரண்டாவது, விலக்கின் காரணம் எழுத்தில், போட்டிக்கு முன்னரே, எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும்.

மூன்றாவது, எதிராளிக்கு அறிவித்து, அவரது கருத்தைக் கேட்க வேண்டும். அவர் மறுத்தால் அதற்காக அவர் ஊதியத்தையோ வாய்ப்பையோ இழக்கக்கூடாது. ஹன்ட்டுக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் அந்தச் சந்தேகத்துக்கு எந்த விதியிலும் இடம் இருக்கவில்லை.

நான்காவது, காலம் எவ்வளவு குறைக்கப்பட்டாலும், எடுத்த அத்தனை மாதிரிகளின் முடிவும் வந்து சேராமல் கூண்டின் கதவு திறக்கக்கூடாது. 2016இல் இந்த ஒரு நிபந்தனை இருந்திருந்தாலே அந்தப் போட்டி நடந்திருக்காது.

ஐந்தாவது, விலக்குப் பெற்றவர் சோதனையில் சிக்கினால், அவரிடமிருந்து பறிக்கப்படும் பணத்தின் ஒரு பகுதி எதிரே நின்று அடி வாங்கியவருக்குப் போக வேண்டும். அபராதம் அரச கருவூலத்தை நிரப்புவதால் பாதிக்கப்பட்டவரின் காயம் ஆறுவதில்லை. இழப்பீடு என்பது பாதிக்கப்பட்டவரைச் சென்றடைந்தால்தான் அது இழப்பீடு.

இவற்றில் எதுவும் செய்ய முடியாத காரியம் அல்ல. முதலாவதை வாடா ஏற்கெனவே தன் விதியில் வைத்திருக்கிறது. தவறான விலக்கை ஒரு வாக்கெடுப்பில் மூடிவிடலாம் என்று நெவாடா ஆணைக்குழு 2014இல் காட்டியது. காத்திருந்து திரும்பினாலும் சம்பியனாகலாம் என்று சென் பியர் காட்டினார்.

ஹன்ட் இப்போது போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். லெஸ்னருடனான அந்த 15 நிமிடங்கள் அவரது பதிவேட்டில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை என்று மட்டுமே இருக்கிறது. அன்று அவர் வாங்கிய அடிகளைக் கழித்துவிட எந்த ஆணைக்குழுவாலும் முடியவில்லை.